மருத்துவத்தில் பண்பாட்டுக்குத் தனியாக என்ன வேலை?

மருத்துவம் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் உயிர்–உள–சமூக மாதிரி ஏற்கனவே இருக்கிறது. இப்போது அதில் பண்பாட்டையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். சமூகம் என்று சொன்னாலே பண்பாடு அதற்குள் வந்துவிடாதா? அப்படியே சேர்த்தாலும், ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத ஓபியில் அதனால் என்ன பயன்?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: ஏட்டில் வந்துவிடும், வார்டில் வராது. இரண்டாவது பாதிக்கும் பதில் உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடக் கூடிய சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அவை எதற்கு என்று புரியாமல் கேட்டால் படிவம் நிரப்புகிற வேலையாகிவிடும்.

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் எங்கல் 1977-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த மாதிரி பரவலாகப் பேசப்பட்டது. நோயை உறுப்புக் கோளாறாக மட்டும் பார்த்தால் போதாது, நோயோடு வாழும் ஆளையும் அவர் இருக்கும் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். 1980-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில் ஒரு படிநிலைப் படம் போட்டார். அடியில் அணுத்துகள், அதற்கு மேல் உயிரணு, உறுப்பு, ஆள், குடும்பம், சமுதாயம் என்று ஏறி உயிர்க்கோளத்தில் முடியும் படம். அதில் பண்பாட்டுக்கென்று ஒரு படி தெளிவாகவே இருக்கிறது. ஆக எங்கல் அதை மறக்கவில்லை. பாடம் நடத்தும்போது மூன்று வட்டமாகச் சுருக்கி வரைந்தோம் பாருங்கள், அங்கேதான் அது காணாமல் போனது. கேஸ் ஷீட்டுக்கு வந்தபோது இன்னும் சுருங்கிற்று. 'சமூகம்' என்ற இடத்தில் இன்று நாம் எழுதுவது தொழில், வருமானம், திருமணம் ஆனவரா, குடி, புகை. அவ்வளவுதான்.

அதே 1980 கட்டுரையில் எங்கல் சொல்லும் நோயாளி 55 வயதுக்காரர், இரண்டாவது முறை மாரடைப்பு வந்து அவசரப் பிரிவில் படுத்திருக்கிறார். பயிற்சி மருத்துவர்கள் தமனியில் ரத்தம் எடுக்கத் திரும்பத் திரும்ப முயன்று முடியாமல், வேறு ஆளைக் கூட்டிவரப் போகிறார்கள். தனியாகக் கிடந்த அவருக்கு அப்போதுதான் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகிறது. மனநிலை இதயத்தை எப்படி எட்டுகிறது என்று காட்ட எங்கல் இதைச் சொன்னார். இன்று படிக்கும்போது எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. வலித்தும் அவர் ஏன் "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சொல்லவில்லை? டாக்டர்கள் நல்லதைத்தான் செய்கிறார்கள், குறை சொல்லக் கூடாது என்ற தயக்கம் அவருக்கு. அந்தத் தயக்கத்தை எந்த வட்டத்தில் போடுவீர்கள்? அது அவருடைய தனி மனக்கோளாறு இல்லை, வருமானம் சம்பந்தப்பட்டதும் இல்லை. நோயாளி என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் வளர்ந்த இடம் சொல்லிக்கொடுத்தது. முயன்று தோற்றவர்கள் வாய் திறந்து ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் போனதும் அவர்கள் பயின்ற இடம் சொல்லிக்கொடுத்ததுதான்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை பண்பாடு என்பது திருவிழாவும் உடையும் இல்லை. எது நோய், எது நோயில்லை, அது எதனால் வந்தது, யாரிடம் சொல்லலாம், எதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும், வைத்தியத்தை யார் முடிவு செய்வது, எப்போது குணமாகிவிட்டது என்று ஒத்துக்கொள்வது. இத்தனைக்கும் நாம் யோசிக்காமலே வைத்திருக்கும் விடைகள்தான் அது. நோயாளிக்கு ஒரு தொகுப்பு, மருத்துவருக்கு இன்னொன்று, மருத்துவமனைக்கென்று வேறொன்று.

நம் ஊர் உதாரணம் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அம்மை போட்ட வீடு. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியாகிவிட்டது. அடுப்பில் தாளிப்பு கிடையாது, அசைவம் கிடையாது. நோயாளி தனி அறையில், வேப்பிலை பரப்பிய படுக்கையில் இருக்கிறார். வெளியாட்கள் உள்ளே வருவதில்லை, வீட்டாரும் விசேஷங்களுக்குப் போவதில்லை. அரித்தால் நகம் படக் கூடாது, வேப்பிலையால் வருடிவிடுவார்கள். இளநீர், மோர், கூழ் என்று கொடுப்பார்கள். கொப்புளம் என்று யாரும் சொல்வதில்லை, முத்து என்பார்கள். முத்து இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதுவரை மாத்திரை, ஊசி எதுவும் கூடாது.

பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் பாருங்கள். சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாம் பொருக்கு தட்டும் வரை பரவும். அதனால் ஆளைத் தனியாக வைப்பது சரியான காரியம். நகம் படாமல் பார்த்துக்கொண்டால் புண்ணில் சீழ் பிடிக்காது. நீராகாரம் வேண்டியதுதான். குளிக்காமல் இருக்க மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை, அதனால் பெரிய கெடுதலும் இல்லை. உண்மையில் இடிப்பது ஒன்றே ஒன்றுதான், மருந்து கூடாது என்பது. ஆரோக்கியமான சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் மருந்தில்லாமலே சரியாகிவிடும். பெரியவர்களுக்கு, குறிப்பாகப் புகை பிடிப்பவர், கர்ப்பிணி, ஸ்டீராய்டு சாப்பிடுபவர் போன்றவர்களுக்கு, அது நுரையீரலைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

இந்த வீட்டிலிருந்து முப்பத்தைந்து வயது மகனை ஓபிக்குக் கூட்டிவருகிறார்கள் என்று வையுங்கள். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்லி மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தால் என்ன நடக்கும்? தலையாட்டிவிட்டுப் போவார்கள். சீட்டு சட்டைப்பையில் இருக்கும், மாத்திரை கடையில் இருக்கும். மருத்துவர் தன் கடமையைச் செய்துவிட்டதாக நினைப்பார். கூட வந்த பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போகும்.

"மாத்திரை கொடுத்தா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க பாட்டி?"

"மருந்து கொடுத்தா முத்து வெளிய வராம உள்ளுக்குள்ளயே அமுங்கிடும் தம்பி. அப்புறம் உசுருக்கே ஆபத்தாயிடும்ல?"

பாட்டி தடுப்பது பிடிவாதத்தால் இல்லை. பேரன் உயிர் போய்விடுமே என்ற பயத்தால்தான். மருத்துவருக்கும் அதே பயம்தான். "இது முத்தை உள்ள அமுக்குற மருந்து இல்ல பாட்டி. வெளிய வந்தது தானா காஞ்சு உதிரும். உள்ள கிருமி பெருகி நெஞ்சுக்குப் போயிடாம இருக்கத்தான் இது. வேப்பிலை, தனி ரூம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மூச்சு வாங்குனாலோ, பேச்சு குழறுனாலோ எந்த நேரம்னு பார்க்காம தூக்கிட்டு வந்துடுங்க" என்றால் அந்த வீட்டில் மாத்திரை உள்ளே போக வாய்ப்பு இருக்கிறது.

இன்னொரு வீட்டில் இதே கேள்விக்கு வேறு பதில் வரும். அங்கே ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்பது பயமாக இருக்கும். அந்த வீட்டார் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்து, வேண்டிக்கொண்டு, பிறகு மாத்திரை கொடுக்கச் சம்மதிப்பார்கள். மூன்றாவது வீட்டில் இது எதுவுமே பிரச்சினையாக இருக்காது, மாத்திரை விலைதான் பிரச்சினையாக இருக்கும். எந்த வீடு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும்.

இப்போது மூன்று வட்டத்தையும் நிரப்பிப் பாருங்கள். உடல்: வைரஸ். மனம்: பதற்றம். சமூகம்: கூட்டுக் குடும்பம், நடுத்தர வருமானம். எல்லாம் சரியாகவே நிரம்பியிருக்கும். மாத்திரை ஏன் வாங்கப்படவில்லை என்பது மட்டும் எதிலும் இருக்காது. பண்பாட்டைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்வது இதனால்தான். அதை நாலாவது வட்டமாகப் பக்கத்தில் ஒட்டுவதைவிட, மற்ற மூன்றையும் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்று கேட்டுக்கொள்வதாக வைத்துக்கொண்டால் எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது அதிகம் பேசப்படுவதில்லை. பண்பாடு என்றாலே மருத்துவரும் நோயாளியும் வேறு வேறாக இருக்கும் இடத்தில் வரும் சிக்கல் என்று நினைக்கிறோம். இருவரும் ஒரே பண்பாட்டில் ஊறியிருந்தாலும் ஆபத்து உண்டு. நெஞ்சுக்குள் என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை வாயு. சோடா, ஓமத் தண்ணீர், பெருங்காயம் கரைத்த மோர் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு விடிந்ததும் போகலாம் என்பார்கள். மாரடைப்பில் முதல் சில மணி நேரம்தான் இதயத் தசையைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம், அது இதிலேயே கரைந்துவிடும். சரி, விடிந்ததும் போகிறார்கள். "கேஸ் மாதிரி இருக்கு டாக்டர்" என்கிறார் நோயாளி. டாக்டரும் அதே மாதிரி வீட்டில் வளர்ந்தவர்தானே? அதுவும் வந்திருப்பவர் ஒரு பெண்ணாகவும், கடுமையாக வலிக்கிறது என்று சொல்லாமல் அசதி, முதுகுப் பிடிப்பு என்று சொல்பவராகவும் இருந்தால், ஈசிஜி எடுக்காமல் அமில மாத்திரை எழுதி அனுப்பிவிடுவது எளிது. தன் பண்பாடு தன் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கேள்வியை நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது, தன்னிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணத்தை ஒரு நாட்டின் மருத்துவ அமைப்புக்குள்ளேயே கொண்டுபோன இடம் என்றால் நியூசிலாந்தைச் சொல்வேன். அங்குள்ள மவோரி மக்களில் ஒருவரான மனநல மருத்துவர் மேசன் டியூரி 1980-களின் தொடக்கத்தில் ஆரோக்கியத்தை அவர்களுடைய பொதுக்கூடத்தின் நான்கு சுவர்களாக விளக்கினார். உடல், மனமும் எண்ணமும், குடும்பமும் உறவுமுறையும், ஆன்மா. ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு நிற்காது. இந்த வீடு நிற்கும் நிலத்தையும் பின்னால் சேர்த்துச் சொன்னார்கள், நிலம் பறிபோன மக்களுக்கு அதை விட்டுவிட்டு ஆரோக்கியம் பேச முடியாதே! எங்கலின் மாதிரியோடு வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். எங்கல் ஒரு மருத்துவராக நோயாளியைச் சுற்றி விரிந்துகொண்டே போகிறார். டியூரி அந்த மக்கள் தாங்களே நலம் என்று எதைச் சொல்வார்களோ அங்கிருந்து ஆரம்பிக்கிறார். அதில் குடும்பமும் ஆன்மாவும் பின்னிணைப்பு இல்லை, சுவர்கள்.

அதே நாட்டில் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மவோரி செவிலியர் பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தை வளர்த்தெடுத்தார். பண்பாட்டைக் காப்பாற்றுவது என்ற பொருளில் இல்லை, நோயாளி தன் பண்பாட்டோடு பாதுகாப்பாக உணரும்படி கவனிப்பது என்ற பொருளில். 1990-களின் தொடக்கத்தில் அது செவிலியர் படிப்பின் பாகமானது. அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். செவிலியர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மவோரிச் சடங்குகளின் பட்டியலை அல்ல, தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் தனக்குள் இருக்கும் முன்முடிவுகளையும். அடுத்து, கிடைத்த கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்மானிக்க வேண்டியவர் கவனிப்பைப் பெற்றவர்தான், கொடுத்தவர் இல்லை. அரசு, நிலம், காலனி ஆட்சி எல்லாம் இதற்குள் வந்ததால் அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் பாடம் நின்றது.

வார்டில் இது எப்படி இறங்குகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மவோரிகளுக்குத் தலை புனிதமானது. தலைக்கு வைக்கும் தலையணையைக் காலுக்கு வைக்கக் கூடாது. அதனால் அங்குள்ள மருத்துவமனைகளில் தலைக்கு ஒரு நிறம், மற்ற இடங்களுக்கு வேறு நிறம் என்று தலையணை உறைகளைப் பிரித்து வைக்கும் வழக்கம் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியைக் குப்பைக்கு அனுப்பாமல், குடும்பம் தங்கள் நிலத்தில் புதைக்கக் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஆனால் தலைக்குக் கீழே யார் கால் வைத்த தலையணையோ என்று கூசிக்கொண்டு படுத்திருப்பவர், அடுத்த முறை நோய் முற்றும் வரை மருத்துவமனைப் பக்கம் வரமாட்டார். அந்தக் கணக்கையும் போட வேண்டும்.

மனநலத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஹார்வர்டின் ஆர்தர் கிளைன்மன் மனநல மருத்துவர், மானிடவியலாளரும்கூட. சீனாவின் ஹுனானில் நரம்புத் தளர்ச்சி என்று நோய்ப்பெயர் கொடுக்கப்பட்டிருந்த 100 பேரை அவர் ஆராய்ந்தபோது 87 பேருக்கு மனச்சோர்வு நோய்க்கான அளவுகோல் பொருந்தியது. ஆனால் அவர்கள் சொன்னது தலைவலி, அசதி, தூக்கமின்மை. கலாச்சாரப் புரட்சியில் அடிபட்ட தலைமுறை அது. மனம் சரியில்லை என்று சொல்வது அரசியல் சந்தேகத்தைக் கிளப்பக்கூடிய காலத்தில், உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். நம் ஓபிகளில் "உடம்பெல்லாம் எரியுது", "கை கால் ஓஞ்சு போச்சு", "ஒரே யோசனையா இருக்கு" என்று வருகிறவர்களையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஜிம்பாப்வேயில் அந்த 'யோசனை'யையே கையில் எடுத்துக்கொண்டார்கள். ஷோனா மொழி பேசும் மக்கள் மனத்துயரை அளவுக்கு மீறி யோசிப்பது என்றுதான் சொல்வார்கள். ஹராரேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக்குக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். முதலில் அதற்கு மனநல பெஞ்ச் என்று பெயர் வைத்தபோது உட்கார ஆள் வரவில்லை. பாட்டிமார் சொல்லித்தான் அது நட்பு பெஞ்ச் ஆனது. பாட்டியிடம் போய் மனம்விட்டுப் பேசுவது அங்கே ஏற்கனவே இருக்கும் வழக்கம், அதன்மேல் பிரச்சினையைத் தீர்க்கும் சிகிச்சை முறையை ஏற்றினார்கள். 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடந்த சோதனை 2016-ல் வெளியானது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட பெஞ்சுக்கு வந்தவர்களின் அறிகுறிகள் ஆறு மாதத்தில் நன்றாகவே குறைந்திருந்தன. பண்பாட்டைச் சேர்ப்பதால் அறிவியல் தளர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம். அளந்து பார்க்கக்கூடிய காரியம்தான்.

இதுவரை சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் தப்பான இடத்துக்குப் போய்விடும் வாய்ப்பும் இருக்கிறது. கிளைன்மனும் இன்னொருவரும் சேர்ந்து 2006-ல் எழுதிய கட்டுரையில் வரும் சம்பவம் ஒன்று. மெக்சிகோவைச் சேர்ந்த, மனைவியை இழந்த ஒருவர், எச்ஐவி உள்ள தன் நாலு வயதுக் குழந்தையைச் சொன்ன தேதிகளில் கூட்டிவரவில்லை. அவருடைய பண்பாட்டில் இந்த நோயை வேறு மாதிரி புரிந்துகொண்டிருப்பார் என்று மருத்துவக் குழு முடிவு கட்டிவிட்டது. விசாரித்தால் நோயைப் பற்றி அவருக்குக் கிட்டத்தட்ட எல்லாமே சரியாகத் தெரிந்திருந்தது. அவர் குறைந்த சம்பளத்துக்கு இரவு நேர பஸ் ஓட்டுகிறவர். குழந்தையைக் கூட்டிவர அவருக்கு நேரம் இல்லை. பண்பாடு என்ற சொல் இங்கே வறுமையை மறைக்கும் திரையாகிவிட்டது.

நம் ஊரில் அந்தத் திரை இன்னும் தடிமன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுவது 'நம்ம பண்பாடு' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போக முடியுமா? சாதியும் அப்படித்தான். யாரைத் தொட்டுப் பார்க்கிறார்கள், யாரை எட்டி நின்று விசாரிக்கிறார்கள், யாரை நீங்கள் என்கிறார்கள், யாரை வா போ என்கிறார்கள் என்பதெல்லாம் பண்பாடுதான். மதிக்க வேண்டிய பண்பாடு இல்லை, மாற்ற வேண்டியது.

வழிபாட்டுத் தலங்களைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கியதில், மருந்தோ தனிச் சடங்கோ இல்லாமலே, நோய்க்குறி அளவீடு ஏறத்தாழ 20% குறைந்திருந்தது. யாரும் துரத்தாத, குடும்பத்தில் ஒருவர் கூடவே இருக்கிற, சின்னச் சின்ன வேலைகள் கொடுக்கிற இடம் அது. அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். நம்பிக்கையோடுதான் அவர்களைக் குடும்பங்கள் அங்கே விட்டன. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் முழுவதுமாகத் தடை செய்கிறது. இன்று ஏர்வாடியில் தொழுகையும் நடக்கிறது, பக்கத்திலேயே அரசு மனநல சிகிச்சையும் கிடைக்கிறது. வருகிறவர் நம்பிக்கையை விடாமலே மருந்தும் பெறலாம். பண்பாட்டை அப்படியே கும்பிடாமலும் ஒரேயடியாக உதறாமலும் வேலை செய்கிற ஏற்பாடு என்றால் இந்த மாதிரிதான் இருக்கும்.

குடும்பத்தை வார்டுக்குள் சேர்த்துக்கொள்வதில் நம் நாட்டுக்கு முன்னோடிகளே உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சிஎம்சியின் மனநல மையத்திலும் கூடவே ஒரு உறவினர் தங்கும் முறை ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிறது. மேல்நாட்டில் நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே இப்படிச் செய்தார்கள். எங்கலின் கட்டுரை வருவதற்கு இருபது ஆண்டு முந்தைய கதை!

சரி, அந்த ஐந்து நிமிடம். கிளைன்மன் 1978-லேயே எட்டுக் கேள்விகள் கொடுத்தார். அமெரிக்க மனநலச் சங்கத்தின் நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், 2013-ல், 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் இருக்கிறது. ஓபியில் பதினாறும் முடியாது, எட்டும் முடியாது. நான் மாணவர்களுக்குச் சொல்வது நாலு. "இது எதனால வந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?" "இங்க வர்றதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க?" "இதுல உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கிறது எது?" "நான் சொல்ற மருந்தை எடுத்துக்க வீட்டுல எதாவது சிரமம் இருக்குமா?" நாலையும் எல்லோரிடமும் கேட்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை வாங்க வந்தவரிடம் ஒன்று போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், மனநலம் என்று நீண்ட நாள் மருந்து எடுக்க வேண்டியவர்களிடம் நாலையும் கேட்டுவிடுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்த முறை வரும்போது மிச்சத்தைக் கேட்கலாம்.

கடைசிக் கேள்வி எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ரமலான் மாதமே போதும். 13 நாடுகளில் எடுத்து 2000-களின் தொடக்கத்தில் வெளியான பெரிய ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள முஸ்லிம்களில் 79% பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். "நோன்பு வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்தால் பெரும்பாலானோர் சொல்லாமல் வைப்பார்கள், மாத்திரையைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். முன்கூட்டியே கேட்டால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரிக்கலாம், மருந்தை இஃப்தாருக்கும் (நோன்பு திறக்கும் மாலை உணவு) சஹருக்கும் (விடியலுக்கு முந்தைய உணவு) மாற்றி எழுதலாம், சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று பேசி வைக்கலாம். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. அதையும் சொன்னால் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பார்கள்.

பெரிய நோய்களில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் என்று தெரிந்ததும் மகன் வெளியே வந்து "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்பார். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம், சட்டம் பேசி முகத்தில் அடிக்கவும் வேண்டாம். அப்பாவிடமே கேளுங்கள்: "ரிப்போர்ட்டைப் பத்தி உங்ககிட்டயே விவரமா சொல்லட்டுமா, இல்ல மகன்கிட்ட பேசிக்கட்டுமா?" சிலர் மகனைக் காட்டுவார்கள். பலர் "என்கிட்டயே சொல்லுங்க" என்பார்கள். எது சொன்னாலும் அது அவருடைய முடிவு.

கேட்டதை எழுதுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "உடம்பெல்லாம் எரியுது, மருமக வந்ததுல இருந்து" என்று நோயாளி சொன்னதை நாம் நம் மொழிக்கு மாற்றி 'பொதுவான உடல் எரிச்சல், 6 மாதம்' என்று எழுதிவிட்டால் அடுத்த டியூட்டி டாக்டருக்கு ஒன்றுமே கிடைக்காது. நோயாளியின் சொற்களை அப்படியே, மேற்கோள் குறிக்குள், தமிழிலேயே எழுதுங்கள். அவர் பேசும் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால், ஒடியாவோ வங்காளமோ பேசும் தொழிலாளியாக இருந்தால், கூட வந்த மேஸ்திரியையோ பள்ளிக்கூடம் போகும் மகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மேஸ்திரி முன்னால் வேலையில் அடிபட்டதைச் சொல்ல மாட்டார், மகள் வாயால் வயிற்றுக்குக் கீழே உள்ள எதையும் சொல்ல மாட்டார். ஆஸ்பத்திரியிலேயே அந்த மொழி தெரிந்த செவிலியரோ ஊழியரோ இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் போனில் ஒருவரைப் பிடித்து, ஸ்பீக்கரைப் போடாமல் மாறி மாறிக் கொடுத்துப் பேச வையுங்கள்.